ஓர் எழுத்துக் குறைந்த பெயர்

மணிமங்கலம் சாலையில், விடியற்காலையில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்தவர்கள் பேருந்துகளில் உறங்கியபடியே திரும்புவதை நாள்தோறும் காண்கிறோம். அண்மைக்காலமாக, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி, தலை குனிந்து மிதிவண்டியை விரட்டிச் செல்லும் ஒரு மாணவியையும் காண்கிறோம். நம் பங்கைச் சார்ந்தவள். பந்தயங்களில் ஓட்ட வேண்டும் என்பது அவளது ஆசை.

"ஞாயித்துக்கிழமை காலையில பூசைக்கு வராம பிராக்டிசுக்குப் போறேங்கிறா, சாமி. பொம்பளப் புள்ளைக்கு இது தேவையா?" என்று அவளுடைய அன்னையார் நம்மிடம் முறையிட்டார். உடனே விடை கூற நமக்கு மனம் வரவில்லை. அல்போன்சினா ஸ்திராதா என்னும் இத்தாலியப் பெண்மணியின் கதையைத்தான் அவருக்குச் சொன்னோம்.

அல்போன்சினா 1891-இல், மோதெனா நகருக்கு அருகே, ஏழைக் கூலி விவசாயியின் மகளாகப் பிறந்தார். தந்தை வாங்கி வந்த ஒரு பழைய சைக்கிளில் பத்து வயதில் ஓட்டக் கற்றார். ஊரார் அவரைப் 'பாவாடை கட்டிய பிசாசு' என்றனர். வீட்டில் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் பந்தயங்களுக்குப் போய்விடுவாராம். (இதைச் சொல்லும்போது அன்னையாரின் முகம் மாறியதைக் கவனித்தோம்.) 1915-இல் அவரை மணந்த லூயிஜி ஸ்திராதா, திருமணப் பரிசாக அளித்தது புதிய பந்தயச் சைக்கிள் ஒன்றை!

1917-இல் லொம்பார்தியப் பெரும் பந்தயத்தில் ஆடவரோடு ஓட்டினார். பெண்கள் கூடாது என்று விதிமுறையில் எழுதப்பட்டிருக்கவில்லை. அத்தகைய எண்ணமே எவருக்கும் தோன்றவில்லை போலும். கடைசியாகத்தான் வந்தார், ஆனால் வழியில் விலகியோர் பலர்.

1924-ஆம் ஆண்டு 'ஜீரோ' எனப்படும் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்திற்குப் பணத் தகராறு காரணமாகப் பெரிய அணிகள் வர மறுத்தன. ஆள் குறையவே, அமைப்பாளர்கள் அல்போன்சினாவையும் சேர்த்துக்கொண்டனர். பட்டியலில் மட்டும் கடைசி உயிரெழுத்தை விட்டுவிட்டு 'அல்போன்சின்' என்று அச்சிட்டனர். படிப்போர் ஆணென்றே எண்ணிக்கொள்ளலாம் அல்லவா?

மொத்தத் தொலைவு 3,613 கிலோமீட்டர், 12 கட்டங்கள். தார் காணாத மலைச் சாலைகள். கியர் மாற்றும் வசதியில்லாத கனத்த வண்டிகள். பெருஜியாவை நோக்கிய கட்டத்தில் மழையிலும் காற்றிலும் பலமுறை விழுந்தார், கைப்பிடி முறிந்தது. துடைப்பக் கட்டைத் துண்டொன்றை அதில் செருகிக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது, நேர வரம்பு கடந்துவிட்டிருந்தது. பெயர் நீக்கப்பட்டது. விதி விதிதான், அதில் நாம் குறை காணவில்லை. ஆயினும், போட்டிக் கணக்கில் சேராமல் தொடர்ந்து ஓட்ட அவருக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்து பொலோஞ்ஞாவிலிருந்து பியூமே வரை, ஒரே கட்டத்தில் 415 கிலோமீட்டர். நம்மூரிலிருந்து ஏறத்தாழத் திண்டுக்கல் வரையுள்ள தொலைவு! 21 மணி நேரம் ஓட்டி அழுதுகொண்டே வந்தவரை மக்கள் சைக்கிளோடு தூக்கிக்கொண்டனர். புறப்பட்டோர் 90 பேர். முறைப்படி முடித்தோர் 30 பேர். அவர்களோடு மிலான் நகரை அடைந்த அல்போன்சினாவுக்குப் பட்டியலில் இடமில்லை. மறு ஆண்டுகளில் அவரை ஏற்கவேயில்லை. ஈட்டிய பணம், மனநல மருத்துவமனையிலிருந்த கணவரின் செலவுக்கும் போயிற்று. பின்னர் மிலானில் சைக்கிள் கடை நடத்தி, 1959-இல் மறைந்தார்.

கோமோ ஏரிக்கு மேலுள்ள கிசல்லோ குன்றில் மாதாவின் சிறு ஆலயம் ஒன்று உண்டு. அவ்வூர்ப் பங்குத்தந்தையின் வேண்டுகோளுக்கு இணங்கி, பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1949-இல் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அல்போன்சினாவின் சைக்கிள் இன்று அக்குன்றில் பாதுகாக்கப்படுகிறது. பூசைக்குப் போவதாகப் பொய் சொன்னவரின் வண்டி மாதாவிடமே வந்து சேர்ந்திருப்பதை நினைத்து நாம் புன்னகைப்பதுண்டு. ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1984-இல்தான். பெண்களுக்கெனத் தனி 'ஜீரோ' தொடங்கியது 1988-இல்.

"பொய் சொன்னது பாவமில்லையா, சாமி?" என்று கேட்டார் அன்னையார். பாவந்தான் என்றோம். ஆனால் அவர் மகள் பொய் சொல்லவில்லையே. மறைக்காமல் முன்கூட்டியே கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடனுக்குச் செல்லும் என்பதையும் எடுத்துரைத்தோம்.

"அது சரிங்க சாமி, லாரிக்கு என்ன பண்றது?"

அதற்கு நம்மிடம் விடையில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை, மகள் பூசையில் முன்வரிசையில் இருந்தாள். மறுநாள் விடியுமுன் பார்த்தோம். அவள் சைக்கிளுக்குப் பத்தடி பின்னால், இரவு வேலை முடித்து வந்த உடையோடு அவள் தந்தை, விளக்கை எரியவிட்டு, தம் மொபெட்டை மெல்ல ஓட்டி வந்துகொண்டிருந்தார்.