மரணம் என்னும் நாடகமும் அதன் இன்னிசையும்

நாடகத்தினிடையே எழும் இன்னிசை செவிக்கு விருந்தாதல் மாத்திரையே அமைவதன்று. உரையாலும் நடிப்பாலும் புலப்படுத்தலாகாத தொன்றனை அரங்கின்கண் புலப்படுத்துதலே அதன் தலையாய தொழிலாம். இதற்குப் பின்லாந்து தேயத்து நாடகமொன்று தக்க சான்றாகும்.

ஆர்விட் யார்னெபெல்ட் என்பார் பின்னிய மொழியில் இயற்றிய ‘குவோலெமா’ 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஹெல்சிங்கி நகரத்துத் தேசிய நாடகசாலையில் முதன்முறை நடிக்கப்பெற்றது. அப்பெயர்க்கு மரணம் என்பது பொருள். அதற்கு ஆறு இசைப்பகுதிகள் அமைத்தவர், ஆசிரியரின் தங்கை கணவராகிய ஜான் சிபேலியஸ். நரம்புக் கருவிகளையே பெரும்பான்மையும் கொண்டு, பெருமுரசும் கோயின்மணியும் துணையாக அவர் அவற்றை இயற்றினர்.

முதற் காட்சியில் நோயுற்ற அன்னை படுக்கையிற் கிடக்கின்றாள். காவலிருந்த மைந்தன் பாவலி அயர்ந்து உறங்குகின்றான். அப்பொழுது ‘வால்ஸ்’ என்னும் கூத்திற்குரிய இசை மெல்ல எழுகின்றது. அன்னை எழுந்து, நிழல்போல் வந்த விருந்தினரோடு ஆடுகின்றாள். தளர்ந்து வீழ்ந்தும் மீண்டும் எழுந்து ஆடுகின்றாள். கதவு தட்டப்படுகின்றது; விருந்தினர் மறைகின்றனர்; இசை அவிகின்றது. வாயிற்கண் நிற்பது மரணமே.

ஈண்டு அவ்விசை யாது செய்கின்றதெனின், கூறுதும். உறங்கும் மைந்தன் அதனைக் கேளான், அன்னையே கேட்கின்றாள். அதனை உடன் கேட்டலால், காண்போர் அவள் உள்ளத்தினுள்ளே புகுந்தவராகின்றனர். அவள் களிப்பெனக் கருதுவது இறுதியே என்பதனை அவள் அறியாள், காண்போர் அறிவர். இவ்விரண்டனையும் ஒருங்கே உணர்த்தவல்ல உரை யாதுளது?

பின்னர்ச் சிபேலியஸ் அப்பகுதியைத் திருத்தி, ‘துயர வால்ஸ்’ எனப் பொருள்படும் ‘வால்ஸ் திரிஸ்த்’ என்னும் பெயரால் 1904-இல் வெளிப்படுத்தினர். 1906-இல் வேறிரு பகுதிகளை ஒன்றாக்கி, நாரைகளின் குரலைக் கிளாரினெட் இரண்டினால் ஒலிப்பித்தனர். 1911-இல் நாடகம் மீளவும் அரங்கேறியபொழுது மேலும் இரண்டு பகுதிகள் சேர்த்தனர்.

‘வால்ஸ் திரிஸ்த்’ உலகெங்கும் பரவிற்று. சிறு தொகைக்கு உரிமையை விற்றுவிட்டமையின் இயற்றியவர்க்கு அதனால் வந்த ஊதியம் சிறிதே. நாடகமோ பெரிதும் மறக்கப்பட்டது. கதையறியாதார் அதனைச் சோகம் கலந்ததோர் ஆடலிசையென்றே கொள்வர். அறிந்தாரோ, அவ்விசை ஓய்ந்த இடத்துக் கதவு திறத்தலையும் உணர்வர். ஆதலின், நாடக இசையின் முழுப்பயன் அஃது எழுந்த அரங்கினை நினைவார்க்கே எய்தும் என்க.