மூன்றாமிடத்தின் வெற்றி

தேர்தலில் மூன்றாவதாக வந்தவரும் வென்றவராவாரோ? நுவரெலியா–மஸ்கெலியாவில் அவ்வாறே நிகழ்ந்தது.

1947-இல் நுவரெலியா மக்கள் சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவரோடு இலங்கை இந்தியக் காங்கிரசார் வேறு சிலரும் வென்றிருந்தனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் வாக்குரிமைத் திருத்தமும் கொழுந்து பறித்த கைகளிலிருந்து வாக்குச்சீட்டைப் பறித்துவிட்டன. பின்னர் தொண்டமான் நியமன உறுப்பினராக அமர்ந்ததுண்டு. எனினும், மக்கள் தெரிந்தனுப்புவது வேறன்றோ?

1976-ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தில் மூவரைத் தெரியும் இப்புதிய தொகுதி பிறந்தது. 1977 ஜூலையில் காமினி திசாநாயக்க முதலாமவர், அநுர பண்டாரநாயக்க இரண்டாமவர், தொண்டமான் மூன்றாமவர். ஓர் உறுப்பினர் தொகுதியாயின் அவர் தோற்றவரே!

அத்தொகுதி மறு பொதுத்தேர்தலைக் காணவில்லை. 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது.