அசைபோடும் வாசிப்பு

ஒரு சிறிய வேதப்பகுதியை வாயால் மெல்லச் சொல்லி, தன் காதாலேயே கேட்டு, வேலைக்கு நடுவிலும் மனதில் புரட்டிப் பார்த்து, கடைசியில் அந்தச் சொற்களைக் கொண்டே ஜெபிப்பது: வேதத்தில் வாசம் செய்வது என்று கிறிஸ்தவ மரபு சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முழு வேதாகமத்தையும் எத்தனை தடவை படித்து முடித்தார் என்ற கணக்குக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. ஒரே வசனத்தோடு ஒரு வாரம் இருந்தவரை, கொஞ்சமாகப் படித்தவர் என்று இந்த மரபு நினைப்பதில்லை.

வாசம் என்ற எண்ணம் வேதாகமத்திலேயே இருக்கிறது. கொலோசெ பட்டணத்துச் சபைக்கு எழுதப்பட்ட கடிதத்தின் மூன்றாம் அதிகாரம், கிறிஸ்துவின் வார்த்தை விசுவாசிகளுக்குள் குடியிருக்க வேண்டும் என்கிறது. அங்கே வரும் கிரேக்க வினைக்குள் வீடு என்று பொருள்படும் ‘ஒய்கோஸ்’ இருக்கிறது. வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரைப் பற்றிய சொல் அல்ல. யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் இந்தக் குடியிருப்பு இரண்டு பக்கமும் நடக்கிறது. சீடர்கள் இயேசுவில் நிலைத்திருக்க வேண்டும், அவருடைய வார்த்தைகள் அவர்களில் நிலைத்திருக்க வேண்டும்.

முதலாம் சங்கீதம் (கத்தோலிக்கருக்குத் திருப்பாடல்) இரவும் பகலும் வேதத்தைத் தியானிக்கிறவனைப் பாராட்டுகிறது. தியானம் என்றதும் கண்மூடி மௌனமாக உட்கார்ந்திருக்கும் உருவம்தான் நமக்குத் தோன்றும். மூல எபிரெயச் சொல்லான ‘ஹாகா’வோ சத்தமுள்ள சொல். ஏசாயா புத்தகத்தில் இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதற்கும், புறா முனகுவதற்கும் அதே சொல்தான் வருகிறது. ஆக, சங்கீதக்காரன் பாராட்டும் மனிதன் முணுமுணுத்துக்கொண்டே இருப்பவன், வாய் ஓயாதவன்.

இந்த முணுமுணுப்பை வாழ்க்கை முறையாக்கியவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று அழைக்கும் துறவி, ஆலயத்தில் வாசிக்கப்பட்ட ஒரே ஒரு நற்செய்தி வசனத்தைக் கேட்டுத் தன் நிலபுலன்களைக் கொடுத்துவிட்டவர். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் வசனம் அது. புத்தகங்களுக்குப் பதில் நினைவே அவருக்கு உதவியது என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் குறிப்பிடுகிறார். அந்தோணியாருக்குச் சற்றுப் பின்னால், நைல் நதிக்கரையில் மடங்களை நிறுவிய பக்கோமியாரின் விதி இன்னும் கறாரானது: மடத்தில் சேர்பவர் விரும்பாவிட்டாலும் எழுத்துக் கற்க வேண்டும், குறைந்தது சங்கீதப் புத்தகத்தையும் புதிய ஏற்பாட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பாய் முடையும்போதும் கூடை பின்னும்போதும் வாய் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பாலைவனத்தில் பழகிய ஜான் காசியன், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பகுதி) துறவிகளுக்காக எழுதியபோது, தேவனிடம் உதவிக்கு விரைந்து வரும்படி கெஞ்சும் ஒற்றைச் சங்கீத வரியை உண்ணும்போதும் உறங்கும்போதும் விடாமல் சொல்லும் முறையைச் சொல்லித் தந்தார்.

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய விதிநூல் இதற்கு நேர அட்டவணை போட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைப்பது இவரைத்தான். அந்நூலின் 48ஆம் அதிகாரம் துறவியின் நாளைக் கைவேலைக்கும் ‘லெக்ஸியோ டிவினா’ எனப்படும் இறை வாசிப்புக்குமாகப் பிரிக்கிறது. கோடையில் காலை வேலை முடிந்து நண்பகல் வரை வாசிப்பு. குளிர்காலத்தில் விடிந்ததும் வாசிப்பு. தவக்காலத்தில் ஆளுக்கொரு புத்தகம் கொடுக்கப்படும். அதைத் தாவாமல் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் யாராவது சும்மா இருக்கிறாரா, வம்பளக்கிறாரா என்று பார்க்க மூத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் சுற்றி வருவார்கள். பரீட்சை மண்டபக் கண்காணிப்பாளரை நினைவூட்டும் இந்த ஏற்பாடு, துறவிகளும் நம்மைப் போலத்தான் என்று காட்டுகிறது. 150 சங்கீதங்களையும் வாரத்துக்கு ஒருமுறை பாடி முடிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. முன்னோர் ஒரே நாளில் முடித்ததை நாம் ஒரு வாரத்திலாவது முடிப்போம் என்று பெனடிக்ட் குத்திக்காட்டுகிறார்.

அதே 48ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. பகல் ஓய்வின்போது வாசிக்க விரும்புகிறவர் மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்க வேண்டும். வாசிப்பு என்றால் அன்று வாய் திறந்து வாசிப்பது என்பது இதிலிருந்து தெரிகிறது. மௌன வாசிப்பே இல்லை என்பதல்ல. மிலான் ஆயர் அம்புரோஸ் உதடும் நாவும் அசையாமல் படித்ததை அகுஸ்தீன் தன் சுயசரிதையில் கவனித்து எழுதுகிறார். எழுதத் தோன்றும் அளவுக்கு அது அவருக்குப் புதுமையாக இருந்திருக்கிறது. உரக்க வாசிக்கும்போது கண்ணும் வாயும் காதும் ஒரே சொல்லில் கூடுகின்றன. வேகம் தானாகக் குறைகிறது. இப்படி வாசிப்பதற்கு மடங்களில் வழங்கிய லத்தீன் சொல் ‘ருமினாசியோ’. மாடு அசைபோடுவதைக் குறிக்கும் சொல். நல்லவேளையாக இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மாடும் அசைபோடுகிறது, நாமும் பழைய நினைவுகளை அசைபோடுகிறோம்.

12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மலைப்பகுதியில் உள்ள கார்த்தூசிய மடத்தின் தலைவர் இரண்டாம் கிகோ, இந்தப் பழக்கத்தை நான்கு படி கொண்ட ஏணியாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம். உணவை வாயில் வைப்பது வாசிப்பு, மெல்லுவது தியானம், சுவையைத் தேடிப் பெறுவது ஜெபம், அந்த இனிமையிலேயே இருப்பது தரிசனம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இருதயத்தில் சுத்தமுள்ளவர்களைப் பற்றிய மலைப்பிரசங்க வசனம். அதை ஒரு திராட்சைப் பழமாக வாயில் போட்டுக்கொள்கிறார். உடலின் சுத்தத்தைச் சொல்லாமல் இருதயத்தை ஏன் சொல்கிறது என்று கேட்கிறார். அந்தக் கேள்வி, கர்த்தருடைய பர்வதத்தில் ஏறத் தகுந்தவன் யார் என்று கேட்கும் சங்கீதத்துக்கு இழுத்துச் செல்கிறது. அங்கிருந்து சுத்த இருதயத்தைக் கேட்டு மன்றாடும் தாவீதின் சங்கீதத்துக்கு. பிறகு தன் கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட யோபுவுக்கு. இவ்வளவு யோசித்தும் அந்தச் சுத்தம் தன்னால் வராது என்று தெரிந்தவுடன் மனிதன் ஜெபிக்கத் தொடங்குகிறான். ஜெபம் முடியும்வரை தேவன் காத்திருப்பதில்லை, நடுவிலேயே வந்துவிடுகிறார் என்கிறார் கிகோ. வந்தவர் சீக்கிரம் மறைந்தும் விடுகிறார் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கிகோ எந்த ஒத்தவாக்கிய அகராதியையும் புரட்டவில்லை. ஒரு சொல் இன்னொரு சொல்லைக் கொக்கி போட்டு இழுக்கும் நினைவுதான் அவருடைய அகராதி. இந்த முறை எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதற்கு அவர் காலத்துக்குச் சற்று முந்திய கிளேர்வோ மடத் தலைவர் பெர்நார்து சாட்சி. எட்டே அதிகாரமுள்ள உன்னதப்பாட்டின்மேல் 1135 முதல் 1153இல் இறக்கும்வரை அவர் தொடர்ந்து எழுதிய பிரசங்கங்கள் 86. அதற்குள் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

பல்கலைக்கழகங்கள் எழுந்தபோது வாசிப்பின் குணம் மாறியது. பாடம் கேட்பவருக்கு ஒரு வசனத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று வழங்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீவன் லாங்டன் செய்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எத்தியேன் அச்சிட்ட பதிப்பிலிருந்து வருபவை. தேடுவது எளிதானது, நினைவில் சுமக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது.

மடத்தை விட்டு வெளியேறிய மார்ட்டின் லூத்தர் இந்தப் பழக்கத்தை மட்டும் வெளியே கொண்டுவந்தார். 1535இல் தனக்கு முடிதிருத்தும் பேதுருவுக்காக ஜெபிக்கும் முறை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சவரக் கத்தி பிடித்தவர் கண்ணையும் மனதையும் கத்தியிலும் முடியிலும் வைக்காமல் பேசிக்கொண்டிருந்தால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார். ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்றார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழையாகப் பிரிக்கச் சொன்னார்: போதனை, நன்றி, பாவ அறிக்கை, விண்ணப்பம். 1539இல் எழுதிய ஒரு முன்னுரையில் ஜெபம், தியானம் ஆகியவற்றோடு சோதனையையும் மூன்றாவதாகச் சேர்த்தார். துன்பம் வந்து தாக்கும்போதுதான் படித்த வசனம் நிஜம் என்று தெரியும் என்பது அவர் அனுபவம். கிகோவின் ஏணி மேலே ஏறிப்போகிறது. லூத்தரின் வாசகர் அடிபட்டுக்கொண்டு தரையிலேயே நிற்கிறார்.

லூத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கம் வேதத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோக விரும்பியது. அதன் கோட்டையான ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்ததும், 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் இதன் நீட்சிதான். ஹெர்ன்ஹூட் ஊரின் மொராவியச் சபை 1731 முதல் ஆண்டுதோறும், நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து புத்தகமாக அச்சிட்டு வருகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மெக்ஷெய்ன் 1842இல் தன் சபைக்குக் கொடுத்த அட்டவணைப்படி பழைய ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிக்கலாம். இப்படிப்பட்ட அட்டவணை ஒழுங்கைத் தரும். டிசம்பர் கடைசியில் மூச்சிரைக்க ஓடவும் வைக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த வாசிப்பு நெடுங்காலம் மடங்களுக்குள்ளேயே தங்கியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, எல்லா விசுவாசிகளும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்கவும், வாசிப்போடு ஜெபத்தைச் சேர்க்கவும் கேட்டுக்கொண்டது. 1980களில் மிலான் பேராயர் கார்லோ மரியா மார்த்தினி தன் பேராலயத்தில் இளைஞர்களைத் திரட்டி இந்த முறையைக் கற்பித்தார். அம்புரோஸ் உதடசையாமல் படித்த அதே ஊர். 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், வாசிப்பு செயலில் முடியாவிட்டால் நிறைவடையாது என்று கிகோவின் நான்கு படிகளோடு செயலையும் சேர்த்தார்.

தமிழ்ப் புரொட்டஸ்டண்டு வீடுகளில் குடும்ப ஜெபமும் ஞாயிறு பள்ளியின் மனன வசனமும் இந்த மரபின் உயிருள்ள துண்டுகள். புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த வசனம் எழுதிய அட்டை கிடைப்பதும் பல சபைகளில் வழக்கம். அட்டையில் தவறில்லை, அசைபோடுவதற்கு ஒரு வசனம் போதும். அந்த வசனம் இருக்கும் பக்கத்தைத் திறக்காமலே விட்டுவிடுவதுதான் சிக்கல். தியானமில்லாத வாசிப்பு வறண்டது, வாசிப்பில்லாத தியானம் வழிதவறும் என்று கிகோவும் எச்சரித்திருந்தார். எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் இதற்கு நல்ல உதாரணம். நல்ல எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவதாகத் தேவன் சொல்லும் அந்த வசனம் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களில் அடிக்கடி காணக்கிடைப்பது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தின் நடுவில் அது நிற்கிறது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறது கடிதம். அந்நிய ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்கிறது. வாக்களிக்கப்பட்ட மீட்புக்கு அது குறிக்கும் கெடு 70 வருஷம். கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாளைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க முடியாது.