துளிக்குக் கொம்பு முளைக்கும்!

கச்சா எண்ணெயில் உப்பு இருக்கிறது. சொன்னால் நம்புவீர்களா?

பூமிக்கு அடியில் இருந்து எண்ணெய் வரும்போது, உப்புத் தண்ணீரும் கூடவே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக எண்ணெய்க்குள் ஒளிந்து கிடக்கிறது. கப்பலில் சென்னைக்கு வந்து, குழாய் வழியே மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. 1965-ல் "மெட்ராஸ் ரிபைனரீஸ்" என்று தொடங்கிய கம்பெனியின் ஆலை அது. 1969-ல் ஓடத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம்.

உப்பை அப்படியே விட்டால் என்ன?

எண்ணெயைக் காய்ச்சும்போது, உப்பில் இருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அது இரும்புக் குழாயை அரிக்கும். ஓட்டை விழுந்து சூடான எண்ணெய் வெளியே பாய்ந்தால், தீப்பிடித்துவிடும்!

எனவே, இது போன்ற ஆலைகளில் முதல் வேலை உப்பைக் கழுவுவதுதான். சூடாக்கிய எண்ணெயில், 100 பங்குக்குச் சுமார் 5 பங்கு தண்ணீர் கலப்பார்கள். உப்பு அதில் கரைந்துவிடும். பிறகு தண்ணீரைப் பிரிக்க வேண்டும். பொடித் துளிகள் தாமாக அடியில் இறங்கக் காத்திருந்தால் ஆலை ஓடாது.

இங்கேதான் மின்சாரம் வருகிறது. மூடிய பெரிய தொட்டி. உள்ளே பல ஆயிரம் வோல்ட். ஒவ்வொரு துளியிலும் ஒரு பக்கம் நேர் மின்சாரம், மறு பக்கம் எதிர் மின்சாரம் சேருகிறது. உடனே பக்கத்துத் துளிகள் காந்தம் போல் ஒன்றையொன்று இழுக்கின்றன. மோர் கடையும்போது வெண்ணெய் திரளுமே, அப்படித் திரண்டு கீழே இறங்குகின்றன.

மின்சாரத்தை இன்னும் கூட்டினால் சீக்கிரம் திரளாதா?

அதுதான் இல்லை! துளியை உருண்டையாகப் பிடித்து வைத்திருப்பது அதன் மேல்பரப்பு. இழுத்துக் கட்டிய தோல் மாதிரி. மின்சாரம் ஏற ஏற, துளி முட்டை போல் நீளும். எல்லை தாண்டினால் இரு முனையிலும் கொம்பு முளைக்கும். கொம்பின் நுனியில் இருந்து பொடித் துளிகள் பீறிடும். சேர்த்ததெல்லாம் சிதறிப் போகும்!

மின்சாரம் ஏறிய துளி எவ்வளவு தாங்கும் என்று 1882-லேயே கணக்குப் போட்டவர், இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு. கொம்பின் வடிவத்தைக் கணக்கிட்டவர் ஜி.ஐ. டெய்லர். அது 1964-ல். மறு வருஷம்தான் மணலி கம்பெனியே பிறந்தது. கொம்பு என்றதும் ஊசியை நினைக்காதீர்கள். அதன் கோணம் சுமார் 99 டிகிரி. வீட்டுச் சுவரின் மூலையைவிடச் சற்று அகலம்!

இதில் ஒரு வேடிக்கை. சின்னத் துளியைவிடப் பெரிய துளிதான் சுலபமாக உடையும். சேரச் சேர ஆபத்தும் வளருகிறது. அதனால் துளிகள் சேரும் அளவுக்கு மின்சாரம் வேண்டும். கிழியும் அளவுக்குக் கூடாது.

அந்த அளவு சரியாக இருந்தால், உப்புத் தண்ணீர் தொட்டியின் அடியில் வடியும். எண்ணெய் மேலே மிதந்து உலைக்குப் போகும்.