வெனிஸ் போறீங்களா? கூட்டமே எட்டிப் பார்க்காத இடங்களும் அங்கே இருக்கு!

வெனிஸ் என்றாலே சான் மார்கோ சதுக்கம், ரியால்டோ பாலம், கோண்டோலா படகு. மூன்று இடத்திலும் செல்ஃபி எடுத்துவிட்டு மாலையே ரயிலேறிவிடுபவர்கள் ஏராளம்.

இதில் என்ன பிரச்னை?

1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில், 2022-ல் மக்கள்தொகை 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கான வாடகை அறைகளாக மாற, ஊர்க்காரர்கள் வெளியேறுகிறார்கள். 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்கினால் இந்தக் கட்டணம் கிடையாது.

சரி, தங்கியாச்சு. எங்கே போகலாம்?

ரயில் நிலையத்திலிருந்து கன்னரேஜியோ பகுதிக்கு நடந்தே போய்விடலாம். 1516-ல் வெனிஸ் அரசு யூதர்களை இங்குள்ள ஒரு சிறு தீவில் மட்டுமே வசிக்க வைத்தது. இரவானால் வாயிற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். இன்று உலகமே பயன்படுத்தும் ‘கெட்டோ’ என்ற சொல் பிறந்த இடம் இதுதான். ஆட்கள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை. அதனால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. தாழ்ந்த கூரையோடு ஏழு மாடி வரை உயர்ந்த கட்டடங்களை இப்போதும் பார்க்கலாம். 1797-ல் நெப்போலியன் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் அகற்றப்பட்டன. சான் மார்கோவைவிட இந்தச் சதுக்கம்தான் மனதில் நிற்கும்.

அடுத்து, சான் த்ரொவாசோ படகுப் பட்டறை. எதிர்க்கரையில் நின்றே வேடிக்கை பார்க்கலாம். கோண்டோலாவைக் கவனித்தால் இடதுபக்கம் சற்று அகலமாக இருக்கும். படகோட்டி வலதுபக்கம் மட்டுமே துடுப்பு போடுவதால், படகு ஒருபக்கமாகத் திரும்பாமல் நேராகப் போகத்தான் இந்த ஏற்பாடு.

கோண்டோலா சவாரிக்கு 90 யூரோவா என்று மலைக்க வேண்டாம். பெரிய கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக ‘த்ராகெத்தோ’ படகு இருக்கு. 2 யூரோதான்!

அரைநாள் மிச்சமிருந்தால் தோர்செல்லோ தீவு. வெனிஸுக்கு முன்பே செழித்த ஊர். கழிமுகம் மண்மூடி, மலேரியாவும் பரவ, மக்கள் காலி செய்துவிட்டார்கள். 639-ல் நிறுவப்பட்ட தேவாலயமும், அதன் சுவர் நிறைய மொசைக் ஓவியங்களும் மிச்சம். ஃபோண்டமெந்தே நோவே படகுத்துறையில் ஏறி, புரானோ வழியாகப் போகலாம். இறங்கியதுமே திரும்பும் படகின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.