ஈரத் துணிக்கு நீர் கசியாத ஜிப் பை: வீட்டிலேயே தைக்கலாம்!

மும்பையில் மழைக்காலம் நான்கு மாதம். ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை குடையும் மழைக்கோட்டும் இல்லாமல் வாசற்படி இறங்க முடியாது. டோம்பிவிலியிலும் முலுண்டிலும் ரயில் ஏறி போர்ட் பகுதி அலுவலகங்களுக்குச் செல்லும் குமாஸ்தாக்களானாலும் சரி, தாராவியிலும் சயானிலும் பட்டறை வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களானாலும் சரி, எல்லோருக்கும் ஒரே கவலைதான். நனைந்த சட்டையை எதில் வைப்பது?

மாற்று உடையைப் பையில் எடுத்துச் சென்று, வேலை இடத்தில் உடுத்திக் கொள்கிறவர்கள் பலர். மாலையில் அந்த ஈர உடை வீடு திரும்ப வேண்டும். அதே பையில்தான் டிபன் பாக்ஸ் இருக்கிறது. பாங்கு பாஸ் புத்தகமும் ரயில் பாசும் அலுவலகக் காகிதங்களும் இருக்கின்றன. சட்டை மறுநாள் காய்ந்துவிடும். மை கரைந்துபோன சான்றிதழை மறுபடியும் வாங்க எத்தனை நாள் விடுப்புப் போட வேண்டும்? எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும்?

முன்பெல்லாம் கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பை இதற்குக் கைகொடுத்தது. மராட்டிய அரசு 2018 ஜூன் 23 முதல் அந்தப் பைகளுக்கான தடையை நடைமுறைப்படுத்தியது. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. ஆகவே பல ஆண்டு உழைக்கும் பை ஒன்றை வீட்டிலேயே தைத்துக் கொள்வது நல்லது. தையல் மிஷின் இருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும்.

ஊசித் துளையே எதிரி

கிளாஸ்கோ நகரத்து ரசாயன நிபுணர் சார்லஸ் மாக்கின்டோஷ், இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைப் பூசி, நீர் புகாத துணிக்கு 1823ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். துணி நீரைத் தடுத்தது. ஆனால் அதில் கோட்டு தைத்தபோது, ஊசி குத்திய துளைகள் வழியே மழைநீர் உள்ளே இறங்கியது!

இருநூறு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாடம் மாறவில்லை. மழைக்கோட்டு வெளியே இருக்கும் நீரைத் தடுக்க வேண்டும். ஈரத்துணிப் பையோ உள்ளே இருக்கும் நீரைத் தாங்க வேண்டும். அந்த நீர் பையின் அடியில்தான் தேங்கும். ஆகவே இதில் முக்கிய விதி ஒன்றே: அடிப்பாகத்தில் தையல் கூடாது. ஒரே துண்டுத் துணியை இரண்டாக மடித்து, அந்த மடிப்பையே அடியாக வைத்துக் கொள்ள வேண்டும்.

தேவையான பொருட்கள்

42 செ.மீ. அகலம், 66 செ.மீ. நீளத்தில் நீர் புகாத துணி ஒரு துண்டு. மெல்லிய ரெக்சின், துணி ஒட்டிய மேஜை விரிப்பு அல்லது பழைய மழைக்கோட்டின் முதுகுப் பகுதி எதுவானாலும் சரி. பழைய துணி என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். துணியைக் குழிவாகப் பிடித்து ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் ஈரம் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம்.

45 செ.மீ. நைலான் ஜிப் ஒன்று. ஐந்தாம் நம்பர் ஜிப் பொருத்தமானது. மும்பைக் கடைகளில் இதைச் 'செயின்' என்று கேட்க வேண்டும். உலோகப் பல் உள்ள ஜிப் வேண்டாம். அது துருப்பிடிக்கும், அதன் மேல் குறுக்கே தைக்கவும் முடியாது.

பாலியெஸ்டர் நூல், 16ஆம் நம்பர் ஊசி, துணி காயப் போடும் கிளிப்புகள், தோல்பை செய்கிறவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை கொஞ்சம். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். குண்டூசியும் கூடாது. அது குத்திய இடமெல்லாம் ஓட்டைதான்.

தைக்கும் முறை

துணியின் பூச்சு உள்ள பக்கம் பையின் உள்ளே வர வேண்டும். 42 செ.மீ. விளிம்பு ஒன்றின் வெளிப்பக்கத்தில் ஜிப்பைக் குப்புற வைத்து, கிளிப் போட்டுத் தையுங்கள். பின் துணியைத் திருப்பி மடித்து, மேலே இன்னொரு தையல் ஓட்டுங்கள். எதிர் விளிம்பையும் இதேபோல ஜிப்பின் மறுபக்கத்தில் தையுங்கள். இப்போது துணி குழாய் போல இருக்கும்.

ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் போதும். நெருக்கித் தைத்தால் தபால் தலை விளிம்பு போலத் துளை விழுந்து கிழியும். பூச்சு உள்ள பக்கம் மிஷினில் ஒட்டிக் கொண்டு நகர மறுத்தால், மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து விடலாம்.

அடுத்து, ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மறந்து மூடிவிட்டால் பையைத் திருப்பவே வழியிருக்காது! திறந்த முனையில் ஜிப்பின் இரு நாடாக்களையும் கையால் சேர்த்துத் தைத்து விடுங்கள்.

ஜிப் மேலேயும் மடிப்பு கீழேயும் இருக்கும்படி பையைத் தட்டையாக வைத்து, இரு பக்கங்களையும் விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே தையுங்கள். ஜிப் வரும் இடத்தில் மிஷின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மிச்ச ஜிப்பை வெட்டி விளிம்புகளைச் சீர்செய்தபின், ஜிப் வழியே பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். இப்போது ஒரு செ.மீ. உள்ளே இரண்டாம் தையல் போட்டால், முதல் தையல் அதற்குள் அடங்கிவிடும்.

இரண்டாம் தையலின் மேல் பசையை விரலால் மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு காய விடுங்கள். பசை பிடிக்கிறதா என்று வெட்டுத் துண்டில் முதலில் பார்த்துக் கொள்வது நல்லது. பிறகு திருப்பினால் சுமார் 39 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரமுள்ள பை தயார்.

தண்ணீர்ச் சோதனை

இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றி, ஜிப்பை மூடி, நிமிர்ந்தபடி தொங்க விடுங்கள். கீழே செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால், கசிவு அடி மூலைகளில்தான் இருக்கும். அங்கே இன்னொரு முறை பசை தடவினால் போதும்.

எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் ஜிப் வழியே நீர் போகும். ஆகவே பையைப் படுக்க வைக்கக் கூடாது. துணியைப் பிழிந்து, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் வைக்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அப்படி இடுப்பளவு வெள்ளத்தில் நடக்க நேர்ந்தால் இந்தப் பை காகிதங்களைக் காக்காது. முக்கிய காகிதங்களுக்குத் தனி உறை வேண்டும். இந்தப் பை ஈரத்துக்கு மட்டுமே.

வீடு வந்ததும்...

ஈரத் துணியை இரவு முழுவதும் பைக்குள் விட்டால் பூஞ்சணம் பிடித்து நாற்றம் வரும். வந்த உடனே துணியை எடுத்து உதறிப் போட வேண்டும். பையை உட்புறம் திருப்பித் துடைத்து நிழலில் காய வைக்கலாம். இஸ்திரி போடக் கூடாது. ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் இலகுவாக ஓடும். உணவுப் பொருளை மட்டும் இதில் நேரடியாக வைக்க வேண்டாம்.

கைக்குழந்தையின் ஈரத் துணிகளுக்கும், ஊருக்குப் போகும் நெடிய ரயில் பயணத்தில் நனைந்த துண்டுக்கும், குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போதும் இதே பை உதவும். ஒன்றைத் தைத்துப் பழகிய இல்லத்தரசிகள் அக்கம்பக்கத்தாருக்கும் தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம். ஆனால் விற்கும் ஒவ்வொரு பையையும் தண்ணீர் ஊற்றிச் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். அதை நம்பித்தானே ஒருவர் தம் பாஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஈரச் சட்டையை வைக்கப் போகிறார்!