நல்ல தரகர், பொல்லாத தரகர்

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? புத்தம் புதுக் கார்கள் லாரியில் சவாரி போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்ரோல் கார் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல்யாணத் தரகர் ஒளிந்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

புகைக் குழாயின் நடுவே, தேனடை போன்ற ஒரு பீங்கான் துண்டு. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகப் பூச்சு. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவைப் பிராணவாயுவோடு ஜோடி சேர்த்து, கரியமில வாயுவாக்கி அனுப்புவது இந்தப் பூச்சுத்தான். ஜோடி சேர்த்த பிறகு தான் மாறாமல் அடுத்த வரனுக்குப் போய்விடும்! இதற்குத்தான் கிரியா ஊக்கி என்று பெயர்.

நம் உடம்பிலும் இப்படித் தரகர்கள் உண்டு. புரதம் என்கிற நீண்ட மணிமாலை துத்தநாகத்தையோ தாமிரத்தையோ பிடித்துக்கொண்டு வேலை வாங்குகிறது. மாலை எப்படியெல்லாம் மடங்கலாம் என்று 1963-ல் படம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். ராமச்சந்திரனும் அவர் சகாக்களும்.

2014-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஏழே மணி கொண்ட குட்டி மாலைகளைச் செய்தார்கள். 'பெப்டைடு' என்பது அவற்றின் பெயர். யாரும் தொடுக்காமலே அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து இழைகளாயின. துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு, ரசாயனப் பொருளைப் பிளக்கவும் செய்தன!

வேடிக்கை என்னவென்றால், இதே மாதிரி இழைகள்தாம் அல்ஸைமர் என்னும் மறதி நோயில் மூளையில் படிகின்றன. அந்தப் படிவுகளில் தாமிரமும் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்திருக்கின்றன. தாமிரம் ஏறிய இழை, சோதனைக் குழாயில் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்குகிறது. புண்ணில் விட்டால் நுரைக்குமே, அதேதான்! நரம்பணுக்களுக்கு அது ஆகாது. நோய்க்கு மூலகாரணமே இதுதானா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பார்க்கின்சன் நோயிலும் வேறொரு புரதம் இப்படித் திரள்கிறது. 2001-ல் காலமான ராமச்சந்திரனையே கடைசிக் காலத்தில் அந்நோய் வாட்டியது. விதியை என்ன சொல்ல!

தாமிரச் செம்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தாமிரம் உடம்புக்கு வேண்டிய சத்து. செம்புத் தண்ணீரால் மறதி நோய் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

மாமியார் பீரோச் சாவியைத் தேடினால் பயமில்லை, நாம் தேடாததா? ஆனால், பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றாலோ, காப்பி கலக்கும் முறையே மறந்துபோனாலோ, 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கேட்டதையே பத்துத் தடவை கேட்கிறாரா? கேட்பது அவரல்ல, நோய். பதினோராவது தடவையும் பதில் சொல்லுங்கள்.